கேட்காமலே போட்ட டிக்

ஆவடிப் பக்கம் ஓர் அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையம். அங்கே பதினோரு வருடமாக ஆலோசகர் கஸ்தூரி. அவளைக் கெட்டவள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஊசிக்குப் பயந்து வேர்த்துப்போய் உட்காருகிறவர்களுக்குத் தன் பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுப்பாள். ஒரே ஒரு பழக்கம். படிவத்தில் ‘உறவு யாருடன்: ஆணா, பெண்ணா, இருவருமா’ என்று ஒரு கேள்வி வரும். ஆண்களிடம் அதை அவள் கேட்கவே மாட்டாள். பெண் என்று தானே டிக் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவாள். நல்ல குடும்பத்துப் பிள்ளைகளிடம் போய் இதையெல்லாம் கேட்பதா? அதுதான் மரியாதை என்று அவளுக்கு நினைப்பு.

போன தை மாதம் ஒரு மத்தியானம் ஹேமநாதன் வந்தான். இருபத்தாறு வயது, அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஆபரேட்டர். முதல் ஷிப்ட் முடிந்து கம்பெனி சட்டையோடு வந்திருந்தான். அவனைப் பார்த்ததும் கஸ்தூரிக்கு முகமெல்லாம் சிரிப்பு.

“டேய், நீ கோவில்பதாகை உலகநாதன் அண்ணன் பையன்தானே? எங்க பக்கத்துத் தெருதானேடா. அம்மா சௌக்கியமா?”

கஸ்தூரி அத்தைக்கு ஏதோ ஆஸ்பத்திரியில் வேலை என்றுதான் அவனுக்குத் தெரியும். இந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள் என்று எதிர்பார்க்கவில்லை. முகம் வெளுத்துவிட்டது. படிவத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அவள் அதைக் கவனிக்கவில்லை.

“சும்மா ஒரு டெஸ்ட் எடுக்கலாம்னுதான் அத்தை. அப்புறம்... இது வராம தடுக்க ஏதோ மாத்திரை கீதாமே. அது யாரு போட்டுக்கலாம்?”

“அதெல்லாம் வேற மாதிரி ஆளுங்களுக்குடா. உனக்கு எதுக்கு? ஒழுங்கா காலாகாலத்துல கல்யாணத்தைப் பண்ணிக்கோ. உங்கம்மாகிட்ட நானே ஒரு பொண்ணு சொல்றேன்.”

சொல்லிக்கொண்டே டிக் போட்டாள். பரிசோதனையில் ‘இல்லை’ என்று வந்தது. முதுகில் தட்டி அனுப்பிவிட்டு, ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியோடு டிபன் பாக்ஸைத் திறந்தாள்.

பத்து மாதம் கழித்து, விடாத காய்ச்சலோடு அதே ஹேமநாதன் வந்தான். மூன்று சோதனையிலும் ‘இருக்கிறது’ என்று லேபிலிருந்து தாள் வந்தது. சிகிச்சைக்கு மாத்திரை இலவசம், தினமும் தவறாமல் போட்டால் எல்லாரையும் போல ஆயுசோடு இருக்கலாம் என்று எப்போதும் சொல்வதைக் கஸ்தூரி சொன்னாள். சொல்லிக்கொண்டே பழைய படிவத்தை எடுத்தாள். அவள் போட்ட டிக் அப்படியே இருந்தது.

“அன்னிக்கே சொல்லியிருக்கலாமேப்பா.”

“எங்க மேடம் சொல்றது?” அத்தை இப்போது மேடமாகிவிட்டாள். “நான் வாயத் தொறக்கறதுக்குள்ள எங்க அப்பா பேரச் சொன்னீங்க. பொண்ணு பாக்கறேன்னீங்க. அதுக்கு மேல, எனக்கு ஆம்பளைங்களத்தான் புடிக்கும்னு எந்த மூஞ்ச வெச்சிகினு சொல்றது? வேற மாதிரி ஆளுங்கன்னீங்களே, அது நான்தான். அந்தத் தடுப்பு மாத்திரை கேக்கத்தான் அன்னிக்கு வந்தேன்.”

அந்த மாத்திரையைப் பற்றி இரண்டு நாள் பயிற்சிக்கே போய் வந்தவள் கஸ்தூரி. எந்த டாக்டரிடம் அனுப்புவது, எத்தனை மாதத்துக்கு ஒரு முறை ரத்தம் பார்ப்பது, எல்லாம் நோட்டில் அழகாக எழுதி வைத்திருக்கிறாள். தேடி வந்து கேட்டவனைத்தான் கல்யாணம் பண்ணிக்கோ என்று துரத்திவிட்டாள். அடிப்பாவி என்று தன்னைத்தானே வைதுகொண்டாள். நோய் வந்ததற்கு அவள்தான் காரணம் என்று யாரும் சொல்லப்போவதில்லை. ஆனால் தடுத்திருக்கக்கூடிய ஒரு மத்தியானம் அவள் கையில் இருந்தது. அதை ஊர்க்கதை பேசிக் கழித்துவிட்டாள்.

“மன்னிச்சிடுன்னு கேக்கக்கூட எனக்கு யோக்கியதை இல்லப்பா.”

“மன்னிப்ப வெச்சிகினு நான் இன்னா பண்றது?” ஹேமநாதன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். “வெளிய சைக்கிள் ஸ்டாண்டாண்ட விஷால் நிக்கிறான். ரெண்டு மாசமா நாங்க பழகறோம். அவனும் டெஸ்ட் எடுக்கணும், உள்ள வரப் பயப்படறான். அவனையாவது கேளுங்க மேடம்.”

கஸ்தூரி ஆளை அனுப்பவில்லை. தானே போய்க் கூப்பிட்டு வந்தாள். எப்போதும் காற்றுக்காகத் திறந்தே கிடக்கும் கதவைச் சாத்தினாள். எந்த ஊர், யார் பிள்ளை என்று நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

“தம்பி, இங்க பேசறது இந்த மையத்தைத் தாண்டாது. உங்களுக்கு என்ன தெரிஞ்சுக்கணுமோ கேளுங்க. எனக்கு அவசரமில்ல.”

விஷால் ஹேமநாதனைப் பார்த்தான். பிறகு மெல்லப் பேச ஆரம்பித்தான். இருபது நிமிடம் குறுக்கே பேசாமல் இருப்பது கஸ்தூரிக்குச் சாதாரண வேலையில்லை. கடைசியில் படிவத்தை அவன் பக்கம் திருப்பி, பேனாவைக் கையில் கொடுத்தாள். அவனே டிக் போட்டான்.

அரை மணியில் ‘இல்லை’ என்று வந்தது. இப்போதுதான் தொற்றியிருந்தால் தெரியாது, மறுபடியும் வந்து பார்க்க வேண்டும் என்று விளக்கினாள். தடுப்பு மாத்திரைக்கு டாக்டரிடம் சீட்டு எழுதினாள். ஆணுறை உட்பட இருக்கிற வழிகளையெல்லாம் சொல்லி, எது தோதுப்படும் என்று அவனையே கேட்டாள்.

இருவரும் போன பிறகு லேப் டெக்னீஷியன் சௌம்யா படிவத்தைத் திருப்பிப் பார்த்தாள். “என்ன மேடம், இந்த டிக் எப்பவும் நீங்கதானே போடுவீங்க?”

“போட்டேம்மா. வர்றவங்க எப்படிப்பட்டவங்கன்னு நானே முடிவு பண்ணேன். அதனால ஒரு பையன் ஆயுசு முழுக்க மாத்திரை போடப்போறான். நம்மகிட்ட வர்றவங்களை முதல்ல கேக்கணும் சௌம்யா. கேக்காம குடுக்கற புத்திமதி வைத்தியமே இல்ல.”