இன்னும் முடிக்கல

பிரெஞ்சு மொழிப் பயிற்சியின் மேல்நிலை வகுப்பில் நர்ஸுக்கு இலக்கணம் தண்ணீர் பட்ட பாடு. குறுக்கே பேசுவதுதான் வராது.

"மேசையில நாலு பேர் ஒரே நேரத்துல பேசுற ஊருக்குப் போறீங்க. அடுத்தவங்க மூச்சு விட நிறுத்துறப்பவே உள்ள புகுந்துடணும்," என்பார் பாடம் எடுக்கும் மேடம்.

நோயாளி மூச்சு விட நிறுத்தினால் காத்திருந்தே பழகியவள் அவள். சொல்லத் தயங்கும் வலி அதற்குப் பிறகுதான் வெளியே வரும்.

வாய்மொழித் தேர்வில் தேறினால்தான் கடல் கடந்த ஆஸ்பத்திரியில் வேலை. அங்கே தனியாக இருக்கும் அக்காவோடு சேரலாம். அக்காவோ போனில், "நீ வாயத் தொறக்கிறதுக்குள்ள கடையையே சாத்திடுவாங்கடி" என்று கேலி செய்தாள்.

தேர்வறையில் தேர்வு நடத்தும் அம்மாளுக்கு எதிரே மூன்று பேர். 'ரயில்' என்று வகுப்பே அழைக்கும் வக்கீல், 'ஆமை' என்கிற கணக்கு வாத்தியார், நர்ஸ். முதியோர் இல்லம் தேவையா என்பது விவாதம். பேசியதெல்லாம் பிரெஞ்சில்தான்.

"எங்க அம்மா அங்க இருந்தப்ப..." வாத்தியார் சொல் தேடி நின்றார்.

ரயில் புகுந்தது. "அதெல்லாம் சொந்தக் கதை சார்! சட்டம் என்ன சொல்லுதுன்னா..."

தேர்வாளர் அம்மாளின் பேனா வக்கீலுக்கு மதிப்பெண் இட்டது. வாத்தியார் மறுபடி வாயெடுத்தார், மறுபடி ரயில். அவர் சொல்லை மென்று விழுங்கித் தலை குனிந்தார்.

நர்ஸ் வாத்தியாரைப் பார்த்தாள். கடவுளே, இதற்கா இந்த மொழியைக் கற்றேன்?

"நிறுத்துங்க வக்கீல் சார். அவர் இன்னும் முடிக்கல. சொல்லுங்க சார், அம்மா இருந்தப்ப?"

வாத்தியார் தட்டுத் தடுமாறி, தன் அம்மாவைப் பற்றிக் கடைசிவரை சொல்லி முடித்தார்.

"நேரம் ஆச்சு," என்றார் தேர்வாளர் நர்ஸிடம். "நீங்க உங்க கருத்தையே சொல்லலையேம்மா."

"அதான் என் கருத்து மேடம். வயசானவங்களுக்கு வேண்டியது..."

"புரியுது, ஆனா..."

"பொறுங்க மேடம். நானும் இன்னும் முடிக்கல." நர்ஸ் விடாமல் தொடர்ந்தாள். "வேண்டியது கட்டடம் இல்ல. சொல்லி முடிக்கிறவரைக்கும் கேக்க ஒரு ஆள்."

தேர்வாளர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார்.

மயிரிழையில் தேறினாள். சேதி சொல்ல அக்காவைக் கூப்பிட்டாள்.

"என்னடி ஆச்சு? ஊத்திக்கிச்சா? நான் அப்பவே சொன்னேன்ல..."

"இரு அக்கா," என்று சிரித்தாள் நர்ஸ். "நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல."