வைரத்துக்கு மட்டும் திறக்கும் கதவு

அந்த ஓட்டலில் வெள்ளி உறுப்பினர்கள் வாசற்கதவைப் பார்க்கலாம். தங்க உறுப்பினர்கள் கைப்பிடியைத் தொடலாம். வைர உறுப்பினர்கள் மட்டும் வெளியே போகலாம்.

நாச்சிமுத்து தங்கம். மோட்டார் பம்பு விற்க ஊர் ஊராக அலைந்து, எங்கே போனாலும் இந்த ஓட்டலின் கிளையிலேயே தங்கிச் சேர்த்த அந்தஸ்து. போன மாதம் வரை வெளியே போகத் தங்கமே போதும். பிறகு விதியை மாற்றிவிட்டார்கள். அவருக்கு ஒரே வயிற்றெரிச்சல். ஆனாலும் அட்டையைத் துடைத்துத்தான் சட்டைப்பையில் வைப்பார்.

"வைரத்துக்கு இன்னும் எவ்வளவு புள்ளிங்க வேணும்?" என்று வரவேற்பு மேசையில் கேட்டார்.

"நேத்து கொஞ்சம்தான் சார் பாக்கி," என்றாள் ரோஸ்லின். "இன்னிக்கு நிறைய."

"நேத்தும் இங்கதானுங்க தங்குனேன்."

"எல்லாருமே தங்கினாங்க சார். அதான் புள்ளிக்கு மதிப்பு கொறஞ்சிடுச்சு."

வருத்தத்துக்கு ஈடாக அவருடைய அறையைப் பெரிதாக்கித் தந்தாள். அவர் திரும்பிப் போனபோது கட்டில் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. கீழே வந்து வாசலருகே சோபாவில் உட்கார்ந்துகொண்டார்.

தங்கை சுகந்தி போன் செய்தாள். அன்று அவள் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். குழந்தைக்கு இருப்பது இந்த ஒரு மாமன்.

"ஆசாரி வந்து உக்காந்துட்டாருங்ணா. கெளம்பிட்டீங்களா?"

"கைப்பிடி வரைக்கும் வந்துட்டேன் அம்மிணி."

"அப்ப அங்கயே இருங்க. நாங்க வர்றோம்."

அவருக்கு அழுகையே வந்துவிட்டது. வேண்டாம் என்று சொல்லத் தோன்றவில்லை.

சுகந்தி குழந்தையோடும் ஆசாரியோடும் வந்தாள். உள்ளே வர எந்த அந்தஸ்தும் தேவைப்படவில்லை. சோபாவிலேயே, மாமன் மடியில் காது குத்தியாயிற்று. குழந்தை வீறிட்டு அழுது, அவர் சட்டையைப் பிடித்தபடி தூங்கிப்போனது.

ஆசாரி கதவைத் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை.

ரோஸ்லின் தட்டில் மூன்று வெள்ளி அட்டைகளைக் கொண்டுவந்தாள். ஒன்று குழந்தைக்கு.

"புதுசா மூணு பேரைச் சேத்துவிட்டிருக்கீங்க சார். நீங்க இப்ப வைரம்."

வாசற்கதவு தானாகத் திறந்தது. வெளியே நல்ல வெயில்.

"இது எவ்வளவு நேரத்துக்குங்க?"

"இப்போதைக்கு சார்."

சுகந்தி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாச்சிமுத்து அவளைப் பார்க்கவில்லை. சட்டையைப் பற்றியிருந்த சின்ன விரல்களை, தூக்கம் கலையாமல், ஒவ்வொன்றாகப் பிரிக்கத் தொடங்கினார்.