எஞ்சின் ஆறும்வரை

ஈரப் பஞ்சுக் குச்சியால் டார்லா அப்பாவின் உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தபோது தம்பி கெண்டல் உள்ளே வந்தான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. டல்சா நகரத்திலிருந்து மூன்று மணி நேரப் பயணம். அதை அவன் வருடத்துக்கு இரண்டு தடவை செய்வான், செய்ததை வருடம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பான்.

அப்பா வெர்னன் முந்தின நாள் மத்தியானத்திலிருந்து கண் திறக்கவில்லை. நுரையீரல் கெட்டுப் பத்தொன்பது மாதம். முன்னறை ஜன்னலோரம் ஆஸ்பத்திரிக் கட்டிலைப் போட்டு, மூக்கில் குழாய் மாட்டி, குளிப்பாட்டி, துடைத்து, புரட்டிப் படுக்கவைத்து, எல்லாம் டார்லா ஒருத்திதான். ஸ்பேர் பார்ட்ஸ் கடை கவுண்டரில் பாதி நாள், மீதிப் பாதி இந்தக் கட்டில். வந்துபோகும் நர்ஸ் காலையில் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, இன்றைக்கோ நாளைக்கோ என்று சொல்லியிருந்தாள். அதன் பிறகுதான் டார்லா தம்பிக்குப் போன் செய்தாள்.

கெண்டல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். பிறகு செல்போனில் ஒரு சிவப்பு வண்டியின் படத்தை எடுத்து அப்பாவின் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"அப்பா, தானியக் கிடங்குக்குப் பின்னாடி நம்ம ஹாலிஸ் இருக்காருல்ல, அவரு பிக்கப் வண்டிய விக்கறாராம். எழுநூறு குதிரைசக்தி. வாங்கலாமா வேணாமா, நீங்களே சொல்லுங்க."

வெர்னன் கண்ணைத் திறந்தார்.

"எத்தன மைல் ஓடியிருக்கு?" என்றார்.

டார்லாவின் கையில் குச்சி அப்படியே நின்றது. நேற்று மத்தியானத்திலிருந்து அவள் அவர் காதருகே குனிந்து அப்பா, அப்பா என்று கூப்பிட்டதற்கு ஓர் இமை அசையவில்லை. சிவப்பு வண்டியின் படத்தோடு மகன் வந்ததும் மைல் கணக்கு கேட்கிறார். அவளுக்கு வயிறு எரிந்தது. பொறாமை என்று சொல்ல ஐம்பத்துநாலு வயதில் வெட்கமாக இருந்தது. ஆனால் அதற்கு வேறு பெயர் கிடையாது.

அடுத்த ஒரு மணி நேரம் அந்த அறையில் வண்டியைத் தவிர வேறு பேச்சில்லை. ஒன்பது வருடத்து வண்டி, அறுபத்தோராயிரம் மைல் ஓடியது. அதில் நாலு வைக்கோல் கட்டு ஏற்ற முடியுமா என்று வெர்னன் கேட்டார். பின்தொட்டி சின்னது, இரண்டு ஏற்றலாம் என்றான் கெண்டல். அப்படியானால் எழுநூறு குதிரையும் சேர்ந்து எதை இழுக்கப் போகின்றன என்று கேட்டு வெர்னன் சிரித்தார், சிரித்து இருமினார். டார்லா நெஞ்சைத் தடவிவிட்டாள். இருமல் அடங்கியதும் அவர் அவளைப் பார்க்காமல் கெண்டலிடம், விலையில் நாலாயிரம் குறைக்கச் சொல் என்றார். வாங்கலாம் என்பார், வேண்டாம் என்பார். வேகத்துக்காக எஞ்சினில் மாட்டிய அந்தச் சூப்பர்சார்ஜர் பெட்ரோலைத் தண்ணீராகக் குடிக்கும் என்பார். உடனே, ஆனாலும் அந்தச் சத்தம் இருக்கிறதே என்று கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்பார்.

அப்பாவைப் பார்க்க வந்த சாக்கில் வண்டி பார்க்க வந்திருக்கிறானா, வண்டி பார்க்க வந்த சாக்கில் அப்பாவைப் பார்க்க வந்திருக்கிறானா என்று டார்லா நினைத்துக்கொண்டாள். நோகாமல் நுங்கு தின்பவன் அவன். தலை நரைத்தும் அந்த வாகு போகவில்லை.

சிறு வயதில் பழைய வண்டி பார்க்கப் போகும்போதெல்லாம் வெர்னன் அவளைத்தான் கூட்டிப் போவார். கெண்டலுக்குப் பேஸ்பால் இருக்கும். சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே போய் நிற்பார். வண்டிக்காரனின் கையைக் குலுக்கும் முன் பானெட்டைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்பது அவர் கணக்கு. குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போதுதான் அதன் நோய் சத்தத்தில் தெரியும். நோயை மறைக்கிறவன் முன்கூட்டியே ஓடவிட்டுச் சூடாக்கி வைப்பான். "என் கை காய்ச்சுப் போச்சு, ஒண்ணும் தெரியல. நீ தொட்டுப் பாரு" என்று அவளை முன்னே தள்ளுவார். வேறு ஆள் இல்லாததால்தான் தன்னைக் கூப்பிட்டார் என்றே அவள் இத்தனை காலமும் நினைத்திருந்தாள்.

சாயங்காலம் அப்பாவின் படுக்கை விரிப்பை மாற்றிவிட்டு, அழுக்கானதைத் துவைக்க எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். மிஷினில் போட்டு, சோப்புத்தூளைக் கொட்டி, மூடியை மூடினாள். ஐந்து நிமிடம்கூட இருக்காது. கெண்டல் "அக்கா" என்று ஒரே ஒரு தடவை கூப்பிட்டான்.

அவள் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அப்பாவின் கை தம்பியின் கைக்குள் இருந்தது. பத்தொன்பது மாதம் காத்தவளுக்கு அழுக்குத் துணி, மூன்று மணி நேரம் உட்கார்ந்தவனுக்குக் கடைசி மூச்சு. முதலில் வந்தது அழுகை இல்லை. அந்தக் கையை அவனிடமிருந்து பிடுங்க வேண்டும் போலிருந்தது. ஆக்சிஜன் மிஷினை அணைத்தாள். பின்கட்டில் விரிப்பு சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது.

"கடைசியா ஏதாவது சொன்னாரா?"

கெண்டல் தரையைப் பார்த்தான். "வண்டியப் பத்தித்தான்" என்றான்.

மூன்றாம் நாள் அடக்கம். கல்லறைக்குப் போகும் வழியில் எதிரே வந்த வண்டிகளெல்லாம் ஓரங்கட்டி நின்றன. ஒரு டிராக்டர்காரன் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்தான். பிறகு சர்ச் கூடத்தில் சாப்பாடு. பன்றித் தொடை இறைச்சி, சீஸ் போட்டு வேகவைத்த உருளைக்கிழங்கு, பழம் வைத்துச் சுட்ட பை பலகாரம் ஏழெட்டு விதம். கொண்டுவந்தவர்கள் அடியில் தங்கள் பெயரை டேப்பில் எழுதி ஒட்டிய தட்டுகள். வந்தவர்கள் முதலில் கெண்டலின் கையைப் பிடித்தார்கள். பெரியவர் கடைசி நேரத்தில் மகன் பக்கத்தில் இருந்தது எவ்வளவு பெரிய பாக்கியம் என்றார்கள். டார்லாவிடம் வந்து, இனி உனக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும் என்றார்கள். இந்த வார்த்தையை எட்டுப் பேராவது சொல்லியிருப்பார்கள்.

ஹாலிஸும் வந்திருந்தார். மூன்று மணிக்கு வண்டி பார்க்க வருவதாகக் கெண்டல் அவரிடம் பேசிவைத்ததை டார்லா கேட்டாள். அப்பா மண்ணுக்குள் போய் இரண்டு மணி நேரம் ஆகவில்லை. நாளைக் காலையில் ஊருக்குத் திரும்ப வேண்டும் என்று அவன் சமாதானம் சொன்னான். அவள் மீந்த பை பலகாரத்தில் இரண்டு துண்டைத் தாளில் மடித்து எடுத்துக்கொண்டு இரண்டு மணிக்கே ஹாலிஸின் வீட்டுக்குக் கிளம்பினாள். எதற்குப் போகிறோம் என்று அவளுக்கே சரியாகத் தெரியவில்லை. பழக்கதோஷம்.

சிவப்பு பிக்கப் கொட்டகை நிழலில் நின்றது. அக்டோபர் மாத வடகாற்று எலும்பைத் துளைத்தது. ஹாலிஸ் வாசலுக்கு வருவதற்குள் அவள் உள்ளங்கையைப் பானெட்டில் வைத்தாள். அடுப்பிலிருந்து இறக்கிய சட்டி மாதிரி சுட்டது. கழுவுவதற்கு வெளியே எடுத்தேன், அதுதான் என்றார் ஹாலிஸ். சக்கரங்களில் பழைய சேறு அப்படியே காய்ந்திருந்தது. அவள் கையை எடுத்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டாள்.

இதற்குத்தான் வந்தோம் போலிருக்கிறது என்று தோன்றியது. அப்பா தன் கடைசிப் பேச்சையெல்லாம் கொட்டிய வண்டி ஓட்டை வண்டி. வாங்கிக்கொண்டு போகட்டும். பாதி வழியில் நெடுஞ்சாலை ஓரம் பானெட்டைத் திறந்து வைத்து நிற்கட்டும். அப்போதாவது அந்த மூன்று மணி நேரம் அவனுக்குக் கசக்கட்டும். நினைக்க நினைக்க இனித்தது. அந்த இனிப்பில் அவளுக்கே கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

மூன்று மணிக்குக் கெண்டல் சாவு வீட்டுக் கோட்டோடு வந்தான். வண்டியை ஒரு சுற்று சுற்றினான். சக்கரத்தை உதைத்துப் பார்த்தான், அது ஏதோ சொல்லும் என்பது போல. ஹாலிஸ் சாவி எடுக்க உள்ளே போனதும் அக்காவிடம் வந்தான்.

"நீ பாத்தியா? எப்படி இருக்கு?"

"நல்ல வண்டிதான்" என்றாள் டார்லா. "வாங்கிக்கோ."

அவன் முகத்திலிருந்து ஏதோ பாரம் இறங்கியது. செக் புத்தகத்தை எடுத்துக்கொண்டே பேசினான்.

"அப்ப சரி. அப்பா அதத்தான் சொன்னாரு. டார்லா தொட்டுப் பாத்துச் சரின்னு சொன்னா மட்டும் வாங்கு, இல்லன்னா வேணாம்னாரு. கடைசியாச் சொன்னது அதுதான்."

டார்லா அவனையே பார்த்தாள்.

"அன்னிக்கே சொல்லியிருக்கணும்" என்றான். "மனசு வரலக்கா. அன்னிக்குத்தான் எங்கூட அவ்வளவு நேரம் பேசினாரு. என் பொறந்தநாளுக்குக்கூட ரெண்டு நிமிஷத்துல போன வெச்சிருவாரு. அன்னிக்கு அத்தனையும் பேசிட்டு, கடசில உன் பேரச் சொல்லிட்டுப் போயிட்டாரு. அதக் கொஞ்ச நாளாவது நானே வெச்சுக்கலாம்னு இருந்தேன்."

காற்று கொட்டகைத் தகரத்தைத் தட்டியது. அவன் செக்கில் தேதி எழுத ஆரம்பித்திருந்தான்.

டார்லா அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். பேனாவை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, அந்தக் கையைப் பானெட்டின் மேல் கொண்டுபோய் அழுத்தினாள்.

"சூடா இருக்கு" என்றான் கெண்டல்.

"நாம வர்றோம்னு ஓடவிட்டு வெச்சிருக்காரு. குளுந்த எஞ்சினோட சத்தம் நமக்குக் கேக்கக்கூடாது."

"அப்பறம் ஏன் வாங்கிக்கோன்ன?"

அவள் கீழே கிடந்த பேனாவை எடுத்து அவன் கோட்டுப் பையில் செருகினாள். அவன் இரண்டாம் முறை கேட்கவில்லை. செக் புத்தகம் கோட்டுக்குள் போயிற்று.

ஹாலிஸ் சாவியோடு வந்தார். எஞ்சின் ஆறட்டும், பிறகு கிளப்பிப் பார்க்கிறோம் என்றாள் டார்லா. அதற்கு இருட்டிவிடுமே என்றார் அவர். இருட்டட்டும் என்றாள். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனார். ஜன்னல் திரை ஒரு முறை விலகி மூடியது.

இருவரும் பிக்கப்பின் பின்கதவை இறக்கி அதில் உட்கார்ந்தார்கள். டார்லா தாளைப் பிரித்தாள். பலகாரம் குளிரில் இறுகியிருந்தது. பெரிய துண்டை அவன் பக்கம் நகர்த்தினாள். அவன் அதைப் பிட்டுப் பாதியை அவளிடமே திருப்பினான். தானியக் கிடங்கின் நிழல் சாலையைத் தாண்டி நீண்டது.

வெகுநேரம் கழித்துக் கெண்டல் இறங்கி முன்பக்கம் போனான். பானெட்டில் கையை வைத்தான். எடுத்து வேறோர் இடத்தில் வைத்தான். குளிரில் விரல்கள் விறைத்திருந்தன.

"எனக்கு ஒண்ணும் தெரியலக்கா. நீ தொட்டுப் பாரு."

டார்லா கையில் ஒட்டிய துகளைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு இறங்கி நடந்தாள்.