மஜீட் சேரின் எதிர்ச்சொற்கள்

பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய மஜீட் சேர், மனைவி ஸம்ஸியாவிடம் சொன்ன முதல் சொல் "போ" என்பதுதான்.

கஞ்சிக் கோப்பையோடு அறைக்குள் வந்தவள் அப்படியே திரும்பிப் போனாள். குசினியில் அடுப்புக்கு முன்னால் நின்று அழுதாள். சாய்ந்தமருதில் பாதிப் பேருக்கு இங்கிலீஷ் படிப்பித்த வாய் அது. கலியாணம் முடித்த நாளிலிருந்து அவள் நோக ஒரு சொல் சொன்னதில்லை.

இரண்டொரு நாளில் மகள் றிப்திதான் விஷயத்தைக் கண்டுபிடித்தாள். ஓடிக்கொண்டிருந்த ஃபேனுக்குக் கீழே குளிரில் நடுங்கிக்கொண்டு, "ஃபேனைக் கூட்டு," என்றார் சேர். கூட்டியதும் முகத்தைச் சுளித்தார். நிறுத்தியதும் அமைதியானார்.

"உம்மா, வாப்பா உங்களப் போகச் சொல்லல்ல. நினைக்கிறதுக்கு எதிர்ச்சொல்தான் அவருக்கு வாயில வருது."

ஸம்ஸியா உடனே எழுந்து போய்க் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"போ," என்றார் சேர்.

"ஓம், இஞ்சதான் இரிக்கன்," என்றாள், அவருடைய அசையாத வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு.

அவருக்கு நன்றாகப் பழகின சொற்களை வாசித்துக் காட்டும்படி ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுத்த மிஸ் சொல்லியிருந்தார். அந்தச் சொற்கள் வீட்டுக்குப் பின்னால் ரியூசன் கொட்டகையில் கட்டுக்கட்டாகக் கிடந்தன. உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு அவர் அச்சடித்துக் கொடுத்த டியூட் தாள்கள். நடுவில் ஓர் அருஞ்சொல், ஒரு பக்கம் ஒத்த சொற்கள், மறுபக்கம் எதிர்ச்சொற்கள்.

ஸம்ஸியா பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் பெயில். பிளேன்டீ கொண்டுபோனதைத் தவிர அந்தக் கொட்டகைக்குள் அவளுக்கு வேலை இருந்ததில்லை. ஆனாலும் அஸர் தொழுதுவிட்டு, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக்கூட்டத் தொடங்கினாள்.

"பெனவலன்ட். கருத்து, நல்ல மனசுள்ள. ஒத்த சொல், கைன்ட். எதிர்ச்சொல், க்ரூவல்."

சேர் முகட்டைப் பார்த்தபடி கிடந்தார். அடுத்த நாளும் அப்படித்தான். அதற்கடுத்த கிழமையும் அப்படித்தான். அவள் விடவில்லை.

ஒரு நாள், 'நுட்பமான' என்று கருத்துள்ள சொல் வந்தது. ஓர் எழுத்தும் விடாமல் வாசித்தாள்.

"சப்டில்."

சேரின் நெற்றி சுருங்கியது.

"சப்டில்," என்றாள் இன்னும் உரக்க.

இடது கை மெல்ல உயர்ந்து, எதையோ சுண்டி எறிவதுபோல் காற்றில் அசைந்தது.

"சட்... டில்," என்றார். "பி... இல்ல."

வகுப்பில் பிழை விடும் பிள்ளைகளைப் பார்க்கிற அதே எரிச்சல் முகம். அவ்வளவு அழகான முகத்தை ஸம்ஸியா முன்பு கண்டதில்லை. முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்தாள்.

அன்றிலிருந்து வேண்டுமென்றே பிழைவிட்டாள். சரியான உச்சரிப்பை மகளிடம் கேட்டுப் பாடமாக்கிக்கொண்டு, சேருக்கு முன்னால் வந்து அதைக் குழப்பினாள். 'எபிட்டமி'யை 'எபிடோம்' ஆக்கினாள். அவர் திருத்தினார். திருத்தத் திருத்த ஒத்த சொற்கள் வந்தன. பிறகு தண்ணி, தலகாணி என்று வீட்டுச் சொற்களும், அவளுடைய பெயரும் வந்தன. இடைக்கிடை மாறித்தான் விழுந்தது. அது அவளுக்குப் பழகிவிட்டது.

ஒரு பின்நேரம், அடுப்பில் வைத்த சோற்றின் நினைவில் அவள் கவனம் தவறியது. "ஃபகேட்" என்று சொல்ல நினைத்திருந்தவள், "ஃபசாட்," என்று சரியாகவே வாசித்துவிட்டாள். திருத்தத் திறந்த வாயோடு சேர் அவளைப் பார்த்தார்.

"தெரிஞ்சுதானா... இவ்வளவு நாளும்?"

"ஓம்." ஸம்ஸியா தலையைக் குனிந்துகொண்டாள். "கோவிக்காதீங்க. பிழை திருத்தக்குள்ளதான் நீங்க நல்லாக் கதைக்கிறீங்க."

சேர் சிரித்தார். வாயின் ஒரு பக்கம் மட்டும்தான் மேலே போனது. இடது கையை ஊன்றி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கருத்து?"

"வெளித்தோற்றம். உள்ள ஒண்டு, வெளிய ஒண்டு."

"எதிர்ச்சொல்?"

அது அவளுக்கு உண்மையாகவே தெரியவில்லை. டியூட்டைப் பார்க்கக் குனிந்தவளின் கையை அவர் பிடித்துக்கொண்டார்.

"யோசி," என்றார்.

ஸம்ஸியா யோசித்தாள். சேர் அவசரப்படுத்தாமல் காத்திருந்தார்.