யார் அந்த இன்ஜரூ?

நியூவார்க்குக்குப் போகும் வழியில், பார்க்வேயில் டோல் காசைப் போட்டுவிட்டு நான் கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டிருந்தபோது, தவநேசன் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி என் ஹேண்ட்பேக்குக்குள் போட்டார். பிறகு பர்ஸையும் போட்டார். கழுத்துச் சங்கிலியின் கொக்கி மட்டும் மக்கர் பண்ணியது.

"உள்ளுக்கு வைச்சினமெண்டால் இதெல்லாத்தையும் வாங்கிப்போடுவினம். உம்மட்ட இருக்கட்டும்" என்றார்.

கல்யாண மோதிரத்தைக் கழற்றவில்லை. முதலில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அடுத்த எக்ஸிட் வருவதற்குள், அதிகாரியின் கண்ணில் படட்டும் என்றுதான் அதை விட்டுவைத்திருக்கிறார் என்று தோன்றிவிட்டது. என் மூளை அப்படித்தான் வேலை செய்யும். நான் நர்ஸ். மாத்திரையை விழுங்கிவிட்டேன் என்று சொல்லும் நோயாளியை நம்பாமல், நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்த்தே வருடங்கள் போய்விட்டன.

அவர் மேல் நாடுகடத்தல் உத்தரவு இருந்தது. தொண்ணூற்றாறில் வந்து அகதியாக ஏற்கும்படி கேட்டார், மறுத்தார்கள். அப்பீல் பண்ணினார், அதையும் தள்ளி, கொழும்புக்குத் திரும்பிப் போ என்று எழுதிவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் எங்கள் கல்யாணம். நான் அமெரிக்க சிற்றிசன். என் புருஷன் இங்கே இருக்க அனுமதி கேட்டு நான் மனுப்போட, அன்று அதற்கான நேர்காணல். உத்தரவு வந்த பிறகு கல்யாணம் கட்டியவர்கள் எல்லோரும் பொய்க் கல்யாணம் கட்டியவர்கள் என்ற எண்ணத்தோடுதான் அதிகாரிகள் ஆரம்பிப்பார்கள், இல்லையென்று நிரூபிப்பது உங்கள் வேலை என்று வக்கீல் சொல்லியிருந்தார். அதிகாரி நம்பினால் வழக்கைத் திரும்பத் திறக்கலாம். நம்பாவிட்டால் உத்தரவு உத்தரவுதான். சிலரை அங்கேயே, பக்கத்துக் கதவால் கூட்டிக்கொண்டு போனதும் உண்டு. கொழும்பில் இறங்கினால் என்ன நடக்கும் என்று அவர் பேசுவதில்லை. முதுகில் இருக்கும் தழும்புகளை நான் பார்த்திருக்கிறேன். எப்படி வந்தவை என்று ஒரு தடவைதான் கேட்டேன்.

அரசாங்கத்தைக் குறை சொல்லி என்ன, நானும் அதே சந்தேகத்தோடுதான் ஆரம்பித்தேன். எனக்கு நாற்பத்துமூன்று, அவருக்கு முப்பத்தாறு. எடிசனில் எங்கள் மாதா கோயில் பூசைக்கு வரும் ராஜராணி அன்ரி பேசிச் செய்த சம்பந்தம். நான் வேதக்காரி, அவர் சைவம். பருத்தித்துறையில் அவருடைய சொந்தபந்தங்கள் ஒழுங்காக இருந்த காலமென்றால், வயது கூடிய வேதக்காரியை வாசற்படி ஏறவிட்டிருப்பார்களா? கிறீன் கார்ட் கையில் கிடைத்த மறுகிழமை ஆள் கம்பி நீட்டிவிடுவான் என்று வார்டில் எல்லோரும் அடித்துச் சொன்னார்கள். எனக்குத் தெரியாததா? தெரிந்துதான் கட்டினேன். ஆனால் ஒன்று நடந்துவிட்டது. எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. பெட்ரோல் நாற்றத்தோடு வேலையால் வந்து, குளித்துவிட்டு, எனக்காகச் சோற்றை மூடிவைத்துக்கொண்டு சாப்பிடாமல் காத்திருக்கும் மனிதரைப் பிடிக்காமல் என்ன செய்யும்? பிடிக்காமல் இருந்திருந்தால், ஒரு உயிருக்குச் செய்த உதவி என்று நினைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

அந்த ரெலிபோன்தான் என்னைத் தின்றது. பின்வாசல் படியில் இருந்துகொண்டு கோட்லெஸ்ஸில் மெதுவாகப் பேசுவார். ஜன்னலால் பார்த்தால் சிரித்துக்கொண்டிருப்பார். நான் கதவைத் திறந்தால், "சரி, பிறகு எடுக்கிறன்" என்று வைத்துவிடுவார்.

"ஆர்?" என்று கேட்பேன்.

"அக்கா. ஸ்காபரோ."

கனடாவில் இருக்கும் அக்காவோடு பேசினால் ஊர்க்கதை வரும், அழுகை வரும், சண்டை வரும். இப்படியும் ஒரு சிரிப்பு வருமா? எனக்கு அக்கா இல்லை. அதனால் நிச்சயமாகச் சொல்லவும் முடியவில்லை.

இன்னொன்று, பெயர். ஆஸ்பத்திரியில் டாக்டரில் இருந்து கூட்டித் துடைக்கிறவர் வரைக்கும் எல்லோருக்கும் நான் றெஜி. இவர் வாயில் மட்டும் என் பெயர் வந்ததே இல்லை. கல்யாணப் பதிவில் நீதிபதி சொல்லச் சொல்லிச் சொன்னதோடு சரி. எங்கட ஊரில் எந்தப் புருஷன் பெண்சாதியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான் என்று ராஜராணி அன்ரி என்னைக் கடிந்துகொண்டார். நியாயமான கேள்வி. ஆனால் சந்தேகம் பிடித்தவளுக்கு நியாயம் எங்கே ஏறுகிறது? வேறொரு பெயர் வாய் தவறி வந்துவிடும் என்ற பயத்தில்தான் பெயரே சொல்லாமல் சமாளிக்கிறாரோ என்றுகூட நான் நினைத்ததுண்டு.

நேர்காணலுக்கு அவர் படித்த படிப்பைப் பார்க்கவேண்டும். என் பல்துலக்கும் பிரஷ் என்ன நிறம், நான் எந்தப் பக்கம் படுப்பேன், கோப்பிக்கு எத்தனை கரண்டி சீனி, என் அம்மா எந்த மாதம் செத்துப்போனார் எல்லாம் நுனிநாக்கில். நான் கேட்கக் கேட்கத் தடுமாறாமல் சொன்னார். ஒரு பெண்ணுக்குத் தன்னைப் பற்றி இவ்வளவு தெரிந்த ஆள் கிடைப்பது பெரிய கொடுப்பினைதான். ஆனால் இது ஆசையில் தெரிந்துகொண்டதா, பரீட்சைக்குப் பாடமாக்கியதா? கேட்டால் அவருக்கு வலிக்கும். கேட்காவிட்டால் எனக்கு வலித்தது.

பின்சீட்டில் கிட்டுசாமி உட்கார்ந்திருந்தார். பார்சிப்பனியில் கம்ப்யூட்டர் வேலை, ஊர் கோபிச்செட்டிபாளையம். அவர் மனைவி மரகதத்தின் பிரசவத்தில் நான்தான் கூட நின்றேன், அன்றிலிருந்து பழக்கம். தவநேசனுக்கு ஆங்கிலம் போதாது. பெண்சாதி மொழிபெயர்க்கக்கூடாது. வக்கீலுக்கு அன்று வேறு கோர்ட். கிட்டுசாமியைக் கேட்டதும், "தமிழ்தானுங்களே, அதுல என்ன இருக்குது, நான் லீவு போட்டுட்டு வர்றேனுங்க" என்று உடனே ஒப்புக்கொண்டார். நல்ல மனிதர். வழியெல்லாம் ஏதோ பேசி எங்களைச் சிரிக்கவைக்கப் பார்த்தார்.

குடிவரவு அலுவலகத்தில் முதலில் தவநேசனையும் கிட்டுசாமியையும் கூப்பிட்டார்கள். எழும்பிப் போனவர் இரண்டடி வைத்துவிட்டுத் திரும்பினார்.

"இஞ்சாரும், பயப்பிடாதையும். தண்ணியைக் குடியும்" என்றார்.

கிட்டுசாமி வெளியே வந்தபோது முகமெல்லாம் பல். "எல்லாத்துக்கும் டக்கு டக்குன்னு சொல்லிட்டாருங்க. ஒண்ணும் பிரச்சனையில்லீங்க."

அடுத்து நான் தனியாக உள்ளே போனேன். அதிகாரி ஒரு வயதான அம்மா. மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் கோர்த்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். வலது கையைத் தூக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கினார். பிரஷ், கட்டில், கோப்பி எல்லாம் கேட்டார். எல்லாம் பொருந்தியது போலத்தான் இருந்தது. தலையை ஆட்டிக்கொண்டே குறித்தார்.

"வீட்டில் உங்கள் கணவர் உங்களை என்னவென்று கூப்பிடுவார்?"

"பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார். எங்கள் வழக்கத்தில் அப்படி இல்லை."

"வேறு என்ன சொல்லி?"

யோசித்தேன். "ஒன்றுமில்லை" என்றேன்.

அவர் கண்ணாடியை மூக்கில் ஏற்றி, முன்பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார். "அப்படியென்றால், யார் இந்த இன்ஜரூ?"

"யார்?"

"இன்ஜரூ. வீட்டில் எப்படிக் கூப்பிடுவார் என்று கேட்டதற்கு, றெஜினா என்று கூப்பிடமாட்டேன், இன்ஜரூவும் என்று சொல்லியிருக்கிறார். இன்ஜரூவும் என்றால் இன்னொருவர், இல்லையா?"

எனக்குக் காது அடைத்தது. இன்ஜரூ. என்ன பெயர் இது? கயானாக்காரியா? ஆப்பிரிக்காக்காரியா? செல்லப்பெயரா? பின்வாசல் படியும் அந்தச் சிரிப்பும் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. பார்த்தாயா, நான் அப்போதே நினைத்தேன் என்று ஒரு கேடுகெட்ட திருப்தி கூட எனக்கு வந்தது. சத்தியம் செய்துவிட்டு இவ்வளவு முட்டாளாகவா வாய் உளறும் ஒரு மனுஷனுக்கு?

"எனக்குத் தெரியாது. அப்படி ஒருத்தியை எனக்குத் தெரியவே தெரியாது" என்றேன்.

அதிகாரி நிறைய எழுதினார். பிறகு கதவைத் திறந்து மற்ற இருவரையும் உள்ளே கூப்பிட்டார். தவநேசன் என் முகத்தைப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்தேன்.

"இன்ஜரூ யார் என்று அவரைக் கேளுங்கள். அவருடைய மனைவிக்குத் தெரியாதாம்."

கிட்டுசாமி தொண்டையைச் செருமினார். "இஞ்சாருங்கறது யாருங்க? உங்க வீட்டம்மா தெரியாதுன்னுட்டாங்க."

"எந்த இஞ்சாரு?"

"நீங்கதானுங்களே சொன்னீங்க? வீட்டுல எப்படிக் கூப்புடுவீங்கன்னு கேட்டதுக்கு, றெஜினான்னு சொல்லமாட்டேன், இஞ்சாரும்னு..."

"ஓம். இஞ்சாரும்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இஞ்ச பாரும், இங்கே பாரும். அதுதான் இஞ்சாரும். எங்கள் ஊரில் புருஷன்மார் பெண்சாதிமாரைக் கூப்பிட வைத்திருக்கும் ஒரே சொல். தேத்தண்ணி கேட்க, குடையைத் தேட, பாம்பைக் காட்ட, எல்லாவற்றுக்கும் அதுதான். இருமல் மாதிரி அது பேச்சுக்கு முன்னால் வந்துபோகும். ஒரு பெயர் என்று யார் நினைப்பார்கள்? கோபிச்செட்டிபாளையத்துக் காதுக்கு அது இஞ்சாரு என்று ஒரு ஆளும், பின்னால் ஒரு 'உம்'முமாகக் கேட்டிருக்கிறது.

நான் ஆங்கிலத்தில் விளக்க, கிட்டுசாமி தலையில் கைவைத்துக்கொண்டார். "அட கடவுளே! எங்கூட்டுல மரகதம் என்னைய 'ஏனுங்க'ங்கற மாதிரிங்களா? நான் உம்மைப் பிரிச்சுப்போட்டனுங்களே!" என்றார். தவநேசன் சிரித்தே விட்டார். எனக்கும் சிரிப்பு முட்டியது.

அதிகாரி சிரிக்கவில்லை.

"சரி, அது பெயர் இல்லை. ஆனால் தினமும் உங்கள் வீட்டில் கேட்கிற சொல் என்கிறீர்கள். நான் சொன்னபோது ஏன் தெரியவில்லை?"

"உங்கள் உச்சரிப்பு..."

"இந்தச் சொல் விளங்கவில்லை என்று நீங்கள் சொல்லவில்லை. அப்படி ஒருத்தியைத் தெரியாது என்று சொன்னீர்கள். ஒருத்தி என்று உங்களுக்கு யார் சொன்னது?"

சுவரோரமாக இன்னொரு கதவு இருந்தது. வந்ததில் இருந்து அதைப் பார்க்காமல்தான் இருந்தேன். இப்போது பார்த்தேன். பொய் சொல்ல ஒன்றும் அகப்படவில்லை.

"அவருக்கு வேறு பெண் இருப்பதாக நினைத்தேன். கொஞ்ச நாளாகவே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்."

கிட்டுசாமி வாயைத் திறக்கவில்லை. "எல்லாவற்றையும் மொழிபெயர்க்க வேண்டும்" என்றார் அதிகாரி. அந்தப் பாவி மனிதர் காலைப் பார்த்துக்கொண்டு, "அது வந்துங்க... உங்களுக்கு வேற தொடுப்பு இருக்குதுன்னு நெனச்சாங்களாமுங்க. கொஞ்ச நாளாவே" என்றார்.

தவநேசனின் முகத்தில் அந்தச் சிரிப்பு இன்னும் மிச்சமிருந்தது. அது போக நேரம் எடுத்தது.

"இருக்கிறதா?" என்று அதிகாரி அவரைக் கேட்டார். கிட்டுசாமி இன்னும் தணிந்த குரலில் அதைத் தமிழில் சொன்னார்.

இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் வேண்டும்? வெட்கமா, கோபமா, கண்டுபிடித்துவிட்டாள் என்ற பயமா? ஒரு வீட்டில் படுத்து எழும்பியும் எனக்கு அந்த முகத்தை வாசிக்கத் தெரியவில்லை.

"அவவைக் கேளுங்கோ" என்றார் கடைசியில். "அவ என்ன சொல்லுறாவோ அதை எழுதச் சொல்லுங்கோ."

கிட்டுசாமி அதை ஆங்கிலத்தில் சொல்லி முடித்ததும் அதிகாரி பேனாவோடு என் பக்கம் திரும்பினார். எனக்குத் தெரியாது என்பதுதான் உண்மை. சத்தியம் செய்தவள் சொல்லவேண்டியதும் அதுதான். அதைச் சொன்னால் அந்தக் கதவு.

"இல்லை" என்றேன். "அப்படி யாரும் இல்லை."

"நிச்சயமாகவா?"

"நிச்சயமாக."

எதை நம்பிச் சொன்னேன் என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது. "யாருமில்லைங்கறாங்க" என்று கிட்டுசாமி மொழிபெயர்த்தார். அதற்குத் தவநேசன் தலையாட்டவும் இல்லை, என்னைப் பார்க்கவும் இல்லை. அதிகாரி எழுதி மூடினார். முடிவு தபாலில் வரும் என்றார். யாரையும் கூப்பிடவில்லை. நாங்கள் வந்த கதவாலேயே வெளியே போனோம்.

தெருவுக்கு வந்ததும் கிட்டுசாமி, "நான் ட்ரெயின்ல போய்க்கறேனுங்க" என்று, நாங்கள் மறுக்க நேரம் கொடுக்காமல் போய்விட்டார். தவநேசன் கார் நிறுத்திய பக்கம் நடந்தார். நான் பின்னால் போனேன். ரெலிபோனில் யார் என்று இப்போது கேட்டால் சொல்லிவிடுவார் என்று தோன்றியது. மன்னிப்புக் கேட்கவேண்டும் என்றும் தோன்றியது. எதை முதலில் கேட்பது என்று தெரியாமல் என் நடை பிந்திக்கொண்டே போனது.

மூலையில் தெருவைக் கடக்கச் சொல்லும் விளக்கு விழுந்தது. சனம் அவரை இடித்துக்கொண்டு கடந்தது. அவர் நடைபாதை விளிம்பில் அப்படியே நின்றார். விளக்கு மாறி, கார்கள் ஓடி, மறுபடியும் விளக்கு விழுந்தது. அவர் கடக்கவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை.