ஷாஃப்ட் பிடிக்கிறது

ஆறாவது போல்ட்டை அண்ணன் கால் சுற்று இறுக்கியபோது தங்கையின் கைக்குள் ஷாஃப்ட் நின்றுவிட்டது.

அதுவரை நன்றாகத்தான் சுற்றிக்கொண்டிருந்தது. கியர்பாக்ஸ் மேசைமேல் வாயைத் திறந்தபடி நிமிர்ந்து நின்றது. அதன் நடுவிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த ஷாஃப்டை அவள் இரண்டு கையாலும் சுற்ற, அவர் ஆயில் பம்ப்பின் எட்டு போல்ட்டுகளையும் எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி வந்தார். பத்தொன்பது வருஷமாக அந்தப் பட்டறையில் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை மூடுகிற முறை அதுதான்.

"பிடிக்குதுண்ணே."

"இழுத்தா உக்காந்துரும். நீ சுத்து."

அவள் சுற்றவில்லை. நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். மூளை லீவில் போனவன்தான் போல்ட்டைப் போட்டு இழுத்து உட்கார வைப்பான் என்று அவளிடம் நூறு தடவை சொன்னவர் அவர். உள்ளே ஏதோ ஒன்று இடம் தவறி நிற்கும்போது மேலே இறுக்கினால், பலவீனமானது எதுவோ அது உடையும். பெரும்பாலும் பம்ப்.

"கழட்டிரலாம்ண்ணே."

அவர் முணுமுணுத்துக்கொண்டே போல்ட்டைத் தளர்த்தினார். ஷாஃப்ட் வெண்ணெய்போல் சுற்றியது. திரும்ப இறுக்கினார். அதே இடத்தில் நின்றது.

அந்தக் கியர்பாக்ஸ் ஒரு சின்ன ஆஸ்பத்திரியின் ஆம்புலன்ஸ் வண்டியுடையது. இருப்பதே இரண்டு வண்டி. இது படுத்து ஒன்பது நாளாகிறது. அதை ஓட்டுகிறவனை ஊரில் எல்லாரும் சைரன் என்றுதான் கூப்பிடுவார்கள். வண்டியில் மாட்டியிருப்பதைவிட அவன் தொண்டையில் இருப்பதற்குத்தான் சத்தம் அதிகம். அன்று காலை வாசலில் நின்றவனுக்கு அந்தச் சத்தமும் இல்லை.

"நேத்து ஒரே நேரத்துல ரெண்டு அழைப்புக்கா. ஒருத்தர ஏத்திக்கிட்டு இன்னொருத்தர ஒரு மணி நேரம் காக்க வச்சோம்."

"பொழச்சாரா?"

"பொழச்சாரு. அவர் நல்ல நேரம். தினமும் நல்ல நேரமா இருக்குமா?"

இன்று சாயங்காலம் வந்து எடுத்துக்கொள் என்று அண்ணன் வாக்குக் கொடுத்திருந்தார்.

"டிரம் முழுசா எறங்கல, அதான்," என்றார் அவர் இப்போது.

சந்தேகப்பட வேண்டிய இடம்தான். கிளட்ச் டிரம் தன் கீழே இருக்கும் தட்டுகளின் பற்களுக்குள் ஒவ்வொன்றாக இறங்க வேண்டும். ஒரு தட்டில் பல் பொருந்தாவிட்டாலும் மொத்தமும் உயர்ந்து நிற்கும். பம்ப்பைக் கழற்றி வைத்துவிட்டு அவள் டிரம்மைத் தூக்கினாள். கைக்குழந்தையைத் தொட்டிலில் விடுவதுபோல மெதுவாக அசைத்து இறக்கினாள். டக். டக். டக். எத்தனை தட்டோ அத்தனை சத்தம் கேட்ட பிறகு ஆழத்தை அளந்தாள். சுவரில் சாக்பீஸால் எழுதி வைத்திருந்த அளவு அப்படியே வந்தது.

மறுபடி பம்ப்பை மாட்டினார்கள். ஆறாவது போல்ட். ஷாஃப்ட் நின்றது.

அண்ணன் ஸ்பேனரை மேசைமேல் வீசிவிட்டு, கை கழுவப் போகிறேன் என்று பின்பக்கம் போனார்.

தனியாக நின்று அவள் யோசித்தாள். டிரம் சரியான ஆழத்தில் இருக்கிறது. அப்படியானால் அதற்குக் கீழே இருப்பதெல்லாம் சரி. பம்ப்பை மாட்டினால்தான் பிடிக்கிறது. அப்போது குற்றம் பம்ப்பின் பக்கம். அவள் அதைக் கழற்றிக் குப்புறப் போட்டு உள்ளிருந்த பல்சக்கரத்தை விரலால் தள்ளினாள். தடையில்லாமல் நகர்ந்தது. மிச்சம் இருந்தது பின்முகத்தில் வாஸ்லின் தடவி ஒட்டியிருந்த வாஷர் ஒன்றுதான். டிரம்முக்கும் பம்ப்புக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருக்க வேண்டும் என்று தீர்மானிப்பது அது. காலையில் அண்ணன் தன் கையால் வைத்தது.

மைக்ரோமீட்டரில் அளந்தாள். இருக்க வேண்டியதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. விளிம்பில் நகத்தை நுழைத்தாள். வாஷர் இரண்டாகப் பிரிந்தது. பழையதை எடுக்காமலே புதியதை அதன்மேல் வைத்திருக்கிறார். எண்ணெய்ப் பசையில் இரண்டும் கன்னத்தோடு கன்னம் வைத்ததுபோல் ஒட்டிக் கிடந்தன.

மூன்று மாதத்துக்கு முன் ஒரு டாக்சியின் கியர்பாக்ஸ் இந்தப் பட்டறையிலிருந்து போன இரண்டாம் நாளே பம்ப் உடைந்து திரும்பி வந்தது. அன்றைக்கு ஷாஃப்டைச் சுற்றியது அண்ணன், போல்ட்டை இறுக்கியது அவள். "கொஞ்சம் பிடிக்கிற மாதிரிதான் இருக்கும், இழு," என்று அவர் சொன்னது அவளுக்கு ஞாபகம் இருந்தது. ஆனாலும் எல்லார் முன்னாலும் அவர், "பாப்பா அளவுக்கு மீறி இறுக்கிட்டா," என்றபோது, இருக்கலாம் என்று அவளும் நம்பினாள். அன்றோடு போல்ட்டை அளவோடு இறுக்குகிற டார்க் ரெஞ்ச் அவள் கையைவிட்டுப் போனது. டாக்சி ஸ்டாண்டில், "அந்தம்மா கை வேணாம், நீங்களே மூடுங்க" என்று ஆரம்பித்துவிட்டார்கள்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். அவள் இரண்டு வாஷர்களையும் துணிமேல் வைத்து நகர்த்தினாள்.

"ரெண்டு இருந்துச்சுண்ணே."

"இருக்காதே. பழசு எடுத்தாச்சு. தடவிப் பாத்தேனே, வழவழன்னுதான் இருந்துச்சு."

"கண்ணால பாத்தியா?"

"என்ன கேள்வி இது? முப்பத்தஞ்சு வருஷமா இந்த வெரல்தான் எனக்குக் கண்ணு!"

சத்தம் தகரக் கூரையில் மோதித் திரும்பியது. அவர் அந்த வாஷர்களைப் பார்த்தபடியே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கண்களை மூடிக்கொண்டு வலது கையை நீட்டினார்.

"குடு."

"வேணாம்ண்ணே."

"குடுங்கறேன்ல."

அவள் ஒரே ஒரு வாஷரை எடுத்து அவர் விரல்களுக்கு நடுவே வைத்தாள். அவர் கட்டைவிரலால் அதன் விளிம்பை வருடினார். திரும்பவும் வருடினார். நெற்றி வியர்த்தது.

"ரெண்டு," என்றார்.

கண்ணைத் திறந்து பார்த்தார். கையில் ஒன்றுதான் இருந்தது.

"எப்பலேந்து?" என்று கேட்டாள்.

"ஒரு வருஷம் இருக்கும். மொதல்ல சுண்டுவிரல். அப்புறம் எல்லாமே, உறை போட்டுக்கிட்ட மாதிரி. சர்க்கரை வேலைன்னு நெனைக்கிறேன்."

"அண்ணிக்குத் தெரியுமா?"

"சட்டை பட்டன் போட்டுவிடச் சொன்னேன். தோள்வலின்னு நெனச்சுக்கிட்டா."

அவள் அவர் கையைத் திருப்பிப் பார்த்தாள். விரல் நுனிகளில் தீப்பட்ட தழும்புகள். சிலது பழையது, ஒன்று இந்த வாரத்தது. கண் கலங்கியது. அந்தக் கலக்கத்தோடே, இந்த மனுஷன் பாவம், அந்த டாக்சி விஷயம் அவருக்கே தெரியாமல் நடந்திருக்கிறது என்று மனசு அவருக்காக வாதாடியது. அதை அவரே கெடுத்தார்.

"டாக்சி பம்ப்பும் நான் வச்சதுதான் பாப்பா."

"இப்பதான் புரிஞ்சுது."

"எனக்கு அன்னைக்கே தெரியும். ஒடஞ்சதக் கழட்டும்போதே ரெண்டு வாஷர் இருந்துச்சு. ஒண்ண எடுத்து பாக்கெட்ல போட்டுக்கிட்டேன்."

அவள் எழுந்து பின்பக்கக் குழாயடிக்குப் போனாள். கையில் அழுக்கே இல்லாமல் வெகுநேரம் கழுவினாள். புருஷன் இறந்துபோன வருஷம், வீட்டுக்குள் உட்கார்ந்து அழுவதற்குப் பதிலாகப் பட்டறைக்கு வந்து பல்சக்கரம் கழுவு என்று கூட்டிவந்தவர் இவர். ஊர் ஆயிரம் பேசியும் அவளை அனுப்பாதவர். அதே வாய்தான் அந்தப் பழியையும் அவள் தலையில் போட்டது. இரண்டையும் எந்தத் தராசில் வைப்பது?

திரும்பி வந்தபோது அவர் அதே ஸ்டூலில் இருந்தார்.

"மொதல்ல வண்டி போகட்டும்," என்றாள். "நாளைக்குக் காலைல ஸ்டாண்டுக்குப் போறோம். எல்லாரும் இருக்கும்போது நீயே சொல்லணும். அங்கேருந்து டாக்டர்."

அவர் தலையை ஆட்டினார்.

சரியான வாஷரை அவளே அளந்து வைத்தாள். டார்க் ரெஞ்சை அவள் எடுத்துக்கொண்டாள். ஷாஃப்டை அவர் பிடித்தார். விரல் செத்திருந்தாலும் மணிக்கட்டுக்கு உயிர் இருந்தது. ஆறாவது போல்ட்டில் இருவரும் மூச்சை அடக்கினார்கள். சுற்றியது. எட்டும் முழுசாக இறுகிய பிறகும் சுற்றியது. முன்னும் பின்னும் ஷாஃப்ட் அசைய வேண்டிய அந்த மயிரிழை இடைவெளியும் கணக்காக இருந்தது.

சாயங்காலம் சைரன் வண்டியை மேட்டில் ஏற்றி இறக்கிக் காட்டினான். கியர்கள் தண்ணீர்போல் மாறின. "அண்ணன் கைன்னா அண்ணன் கைதான்!" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினான். அண்ணன் வாயைத் திறந்தார். அதற்குள் அவனுக்கு அழைப்பு வந்துவிட்டது.

மறுநாள் ஸ்டாண்டில் அவர் சொன்னார். எதையும் மறைக்கவில்லை. டாக்சிக்காரர்கள் தரையைப் பார்த்தார்கள். "அதுக்கென்ன, விடுங்கண்ணே, யாருக்கும் வர்றதுதான்," என்று ஒருவர் அவர் தோளைத் தட்டினார். பக்கத்தில் நின்ற அவளிடம் ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பம்ப் உடைந்த டாக்சியின் சொந்தக்காரர் மட்டும் வண்டியை எடுக்கும்போது அவளைப் பார்த்து, கும்பிடுவதா வேண்டாமா என்று தெரியாமல் கையைப் பாதி தூக்கினார்.

நரம்பு போன வரைக்கும் போனதுதான், இனிப் போகாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார் டாக்டர். அண்ணி அழுது ஓய்ந்த பிறகு நாத்தனார்மேல் பாய்ந்தாள்: "கூடவே இருந்தியே, உனக்குமா தெரியல?"

பட்டறை இன்னும் நடக்கிறது. வண்டியை ஓட்டிப் பார்த்து, காதை வைத்து நோய் சொல்வது அவர் வேலை. அதில் அவரை மிஞ்ச ஆளில்லை. திறப்பதும் மூடுவதும் அவள். பழைய சிரிப்பு திரும்பி வரவில்லை. மன்னித்துவிட்டாயா என்று அவர் கேட்டதுமில்லை, அவள் சொன்னதுமில்லை.

போன வாரம் ஒரு டிரம்மை இறக்கியபோது அவர் எட்டிப் பார்த்து, "சரியா உக்காந்துருச்சு," என்றார். அவள் கை தானாக அளவுகோலை நோக்கிப் போனது. போய், சங்கடத்தில் பாதியிலேயே நின்றது.

"அள, பாப்பா," என்றார் அவர். "நான் சொன்னாலும் அள."

அவள் அளந்தாள்.