மந்தாரக்குப்பம், காலை எட்டு மணி

'தானே' புயலைப் பற்றிய நிகழ்ச்சி மதியம் ஒன்றரை மணிக்கு. அதற்கு வெகுமுன்பே அமிர்தம் டிவியைப் போட்டுவிட்டு, கூடத்தில் பாய் விரித்து வைத்தாள்.

அந்த வீட்டில் சீரியல் ஓடுவதில்லை. சீரியலில் யாராவது ஒருத்தி வாந்தி எடுப்பாள், அடுத்த வாரம் வளைகாப்பு நடக்கும். மூன்று வருஷமாக அமிர்தம் பார்ப்பதெல்லாம் எரிமலை, பூகம்பம், மூழ்கிய கப்பல், விழுந்து நொறுங்கிய விமானம். வெளிநாட்டுப் படங்கள், தமிழில் பேசுகிறவை. அவற்றில் வருகிறவர்கள் ஒன்றையும் விடுவதில்லை. எது முதலில் உடைந்தது, அப்போது யார் எங்கே நின்றார்கள், எந்தக் கதவு திறந்திருந்தது என்று பின்னோக்கியே நடந்து, ஒரு திருகாணியில் வந்து நிற்பார்கள்.

தன்னுடைய காலையையும் அவள் அப்படி நடந்து பார்த்திருக்கிறாள். தானே புயல் அடித்த காலை. நாள் ஆகுமுன்பே வலி வந்துவிட்டது. புருஷன் சிங்காரவேலுக்கு நிலக்கரிச் சுரங்கத்தில் இரவு ஷிப்டு. விடிவதற்கு முன் போன் பண்ணினாள்.

"கீழ மாட்டிகினேன். தண்ணி நிக்குது, வண்டி ஏறாது. ஒருத்தரும் மேல வர முடியல. கனகத்தக் கூப்புட்டுக்க" என்றான். அதோடு டவர் போய்விட்டது.

சுரங்க டவுன்ஷிப்பில் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் கனகம் நனைந்துகொண்டு ஓடிவந்தாள். அவள் புருஷன் துரைராஜும் வீட்டில் இல்லை. கம்மாபுரத்துக்குப் போயிருக்கிறார் என்றாள். அரையாண்டு விடுமுறை, வரிசையில் மற்ற வீடுகள் பூட்டிக் கிடந்தன. சாலை முழுக்க மரம்.

"ஆம்பள ஒருத்தரு இருந்தாக்கூட கட்டில்ல வெச்சி ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போயிடலாமே" என்று கனகம் வாசலுக்கும் உள்ளுக்குமாக அலைந்தாள்.

ஒன்பது மணிக்கு மேல் பிறந்தது. பெண். அழவில்லை.

எத்தனை முறை நடந்தாலும் யார் பேரிலும் குற்றமில்லை. காற்று, மரம், சுரங்கம். அந்த முடிவை வைத்துக்கொண்டுதான் அமிர்தம் சோறு தின்றாள், புருஷனுக்கு டிபன்பாக்ஸ் கட்டினாள்.

கனகமும் துரைராஜும் வந்தார்கள். கனகம் உட்காராமல் நின்றாள்.

"இதையெல்லாம் பாக்கணுமா அமிர்தம்?"

"அன்னிக்கு நான் பாத்தது இந்தக் கூரைய மட்டுந்தான். வெளிய என்னா நடந்துதுன்னு பாக்கறேன்."

கடைசியாக இளவழகன் வந்தான். டவுன்ஷிப்பை அடுத்த மந்தாரக்குப்பத்தில் ஸ்டூடியோ வைத்திருப்பவன். கல்யாணம், காதுகுத்து எல்லாம் எடுப்பான். புயலன்று ஸ்டூடியோ ஜன்னலிலிருந்து அவன் எடுத்ததை ஒரு கம்பெனி வாங்கிக்கொண்டு போய் இந்தப் படத்தில் சேர்த்திருந்தது. துரைராஜ் சொல்லித்தான் அவன் இங்கே பார்க்க வந்தான். இந்த பிளாக்கில் பெரிய டிவி அமிர்தம் வீட்டில்தான்.

"யக்கா, கடைசியில என் பேரு ஓடும். அதுவரைக்கும் யாரும் எந்திரிக்கக் கூடாது."

"பேரு ஓடறதுக்குள்ள நீ ஓடிடாத" என்றார் துரைராஜ். "எங்க பொண்ணு காதுகுத்து சிடி இன்னும் வரல."

படம் தொடங்கியது. கடல், மேகம், வானத்திலிருந்து எடுத்த வெள்ளைச் சுழி. அழுத்தமான ஒரு குரல் புயலின் பிறப்பைச் சொன்னது.

"போன வாரம் டைனோசருக்கு இவன்தான் பேசினான். இந்த வாரம் புயலுக்கு" என்றார் துரைராஜ். "ஓவர்டைம் பாக்குறான்போல."

அமிர்தம்கூடச் சிரித்தாள்.

கடலூர் வந்தது. கவிழ்ந்த படகுகள். வேரோடு சாய்ந்த பலா மரங்கள். பிறகு படம் ஆடத் தொடங்கியது. இளவழகன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"இது நான் எடுத்தது! கை நடுங்குது பாருங்க."

திரையின் கீழே எழுத்து வந்தது. மந்தாரக்குப்பம், காலை எட்டு மணி.

"எங்க ஸ்டூடியோவுக்கு எதிர்ல ஒரு மாடி யக்கா. மேல தகரக் கூரை. அங்க சீட்டாட்டம் நடக்கும். ராத்திரி பூரா ஆடிகினு இருந்தாங்க, புயல்கூட அவங்களுக்கு ஒண்ணுமில்ல. தகரம் பறந்ததும் எல்லாம் எறங்கி ஓடுது பாருங்க. இப்ப கீழ குடிச வுழும். அந்த ஆளுங்கள்ல ஒருத்தரு மட்டும் திரும்பி வருவாரு. பாத்துகினே இருங்க."

குடிசை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மழைக்குள் ஒரு ஆள் குனிந்து ஓடினான். கீற்றை விலக்கி உள்ளே போனான். வெளியே வரும்போது இடது தோளில் ஒரு குழந்தை. முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

முகம் தெரியுமுன்பே அமிர்தத்துக்குத் தெரிந்துவிட்டது. சிலிண்டரை அப்படித்தான் தூக்குவான், அரிசி மூட்டையையும். வலது தோள் மூட்டு ஒருமுறை இறங்கிப்போய்ச் சேர்த்துவைத்தது.

"இந்த மனிதர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை" என்றது அந்தக் குரல்.

ஆள் ஜன்னலுக்கு நேர்கீழே வந்தான். முகம் திரை முழுக்க வந்தது. இளவழகன் டிவியைப் பார்த்தான். சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் போட்டோவைப் பார்த்தான். மறுபடி டிவியைப் பார்த்தான்.

"யக்கா, இது அண்ணன்தானே? ஐயோ, அண்ணனேதான்! சின்ன கேமராவுல மூஞ்சி தெரியல யக்கா, இப்பதான் தெரியுது. ஹீரோ யக்கா! சொல்லவே இல்ல பாரேன்!"

துரைராஜ் பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தார். கனகம் அமிர்தத்தைப் பார்க்கவில்லை.

திரையில் அந்தக் குழந்தையின் தாய் வந்தாள். சிமெண்டு வீட்டு வாசல், பக்கத்தில் ஸ்கூல் யூனிபாரத்தில் ஒரு சின்னப் பையன். அவளுக்கு யாரும் குரல் கொடுக்கவில்லை. தானே பேசினாள்.

"பேருகூட கேக்கல. புள்ளயக் கையில குடுத்துட்டுப் போயிட்டாரு. அவரு எங்க இருந்தாலும் நல்லா இருக்கணும். அவரு புள்ளங்க நல்லா இருக்கணும்."

அமிர்தத்தின் கை வயிற்றில் இருந்தது. எப்போது வைத்தாள் என்று தெரியவில்லை. இதே வயிற்றில் கைவைத்துத்தான் சீட்டைத் தொடமாட்டேன் என்று அவன் சத்தியம் பண்ணினான்.

"அன்னிக்கு ராத்திரி சுரங்கத்துல யாரு எறங்கினது?" என்று கேட்டாள்.

இளவழகனுக்குப் புரியவில்லை. "யக்கா?"

"நீ கெளம்பு தம்பி" என்றாள் கனகம்.

"பேரு ஓடும்..."

"கெளம்பு."

அவன் செருப்பை மாட்டுகிற சத்தம் கேட்டு அடங்கியது. ஷிப்டு மாற்றிக்கொள்வது சுரங்கத்து ஆட்களிடம் வழக்கம். ஒரு கல்யாணம், ஒரு கருமாதி என்றால் ஒருவர் பேரில் இன்னொருவர் இறங்குவார். எழுத்தில் இருக்காது. பெண்டாட்டிகளுக்குத் தெரிந்திருக்கும். வெளியே போகாது.

"நான்தான்" என்றார் துரைராஜ். "அவன் பேருல நான் எறங்கினேன். ஒரு வேலை இருக்கு, ஒரு ராத்திரி பாத்துக்கன்னான்."

"கம்மாபுரம் போயிருக்காருன்னு சொன்ன" என்றாள் அமிர்தம், கனகத்திடம்.

"ஷிப்டு மாத்தினது மட்டுந்தான் எனக்குத் தெரியும் அமிர்தம். அண்ணன் எங்க இருக்காருன்னு சத்தியமா தெரியாது. தெரிஞ்சிருந்தா நானே ஓடியிருப்பேன், மரத்த ஏறிக் குதிச்சி."

அவள் ஓடியிருப்பாள். அமிர்தத்துக்கு அதில் சந்தேகமில்லை.

"புள்ளயக் குடுத்துட்டு எங்க போனாரு?"

துரைராஜ் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"சுரங்கத்து கேட்டாண்ட நின்னான். நாங்க ஏறி வர்ற வரைக்கும் மழையிலயே நின்னான். கீழ இருக்கேன்னு உங்கிட்ட போன்ல சொல்லிட்டான் இல்ல? நாங்க ஒருத்தரும் மேல வரல, அது டவுன்ஷிப்புக்கே தெரியும். அவன் மட்டும் வூட்டுல வந்து எப்புடி நிப்பான்? எனக்கும் வேலை போயிருக்கும். மதியம்தான் நாங்க ஏறினோம். அப்புறம்தான் ரெண்டு பேரும் ஒண்ணா வந்தோம்."

ஒன்றாகத்தான் வந்தார்கள். ஒரே வண்டியில். கம்மாபுரத்திலிருந்து வந்த துரைராஜ் அவனை வழியில் பார்த்து ஏற்றிக்கொண்டார் என்று அப்போது நினைத்தாள். அவன் சட்டை பிழிந்தால் ஒரு வாளி தண்ணீர் வந்திருக்கும். துணி சுற்றி வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு வாசல்படியிலேயே உட்கார்ந்தான். அழுதான். அவள்தான் அவன் தலையைத் துவட்டிவிட்டாள். நீங்க என்னா பண்ணுவீங்க, கீழ மாட்டிகினீங்க என்று அவள்தான் சொன்னாள்.

அன்றைக்கும் அவன் உடம்பில் கரி வாசனை இல்லை. மழையில் போயிருக்கும் என்று விட்டுவிட்டாள்.

டிவியில் பெயர்கள் மேலே ஏறிக்கொண்டிருந்தன. இளவழகன் பெயர் வந்து போனது. அடுத்து ஒரு விளம்பரம், சிரிக்கிற ஒரு குழந்தை, சோப்பு. கனகம் எழுந்து போய் அணைத்தாள்.

வெளியே வண்டி வந்து நின்றது. முதல் ஷிப்டு விட்டிருந்தது. ஸ்டாண்டு போடுகிற சத்தம். டிபன்பாக்ஸ் பையோடு சிங்காரவேல் உள்ளே வந்தான். புருவத்தில் கரித்தூள்.

"என்னா, எல்லாம் இங்க இருக்கீங்க? படம் முடிஞ்சுதா?"

துரைராஜ் எழுந்து நின்றார். நின்றவர் நகரவில்லை. சிங்காரவேல் அவரைப் பார்த்தான். பிறகு கனகத்தை. பிறகு அணைந்து கிடந்த டிவியை. பையைக் கீழே வைக்க மறந்து கையிலேயே வைத்திருந்தான்.

அமிர்தம் பாயிலிருந்து எழுந்திருக்கவில்லை. குரலை உயர்த்தவுமில்லை.

"மந்தாரக்குப்பத்துலேர்ந்து நம்ம வூட்டுக்கு, நடந்து வந்தா எவ்ளோ நேரம் ஆவுங்க?"